சல்லி தமிழ்தான், ரீச்சர்

வெள்ளவத்தை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு.

அன்பும் கோபமும் சம அளவில் வாய்க்கப்பெற்ற என் தங்கை யூஜினாவுக்கு,

உன் அண்ணன் கிளறன்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே கடலும் ரயில் பாதையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, நாங்களும் அப்படியே. தோஹாவில் நீயும் மச்சான் றெஜியும் ஏசி பழுதாகாமல் சுகமே இருக்கக் கொச்சிக்கடை அந்தோனியார் துணை நிற்பாராக. கையில் போன் இருக்க இந்த மனுசன் ஏன் பேனை பிடிக்கிறான் என்று நீ யோசிப்பாய். காரணம் உண்டு. குரல் பதிவு அனுப்பினால் என் குரல் குசினி வரை போகும்; குசினியில் உன் அண்ணியார் இருக்கிறார். ஆகவே பல்கனியில் குந்தியிருந்து கடதாசியில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். சரித்திரம் இப்படி ஒளிந்திருந்துதான் எழுதப்பட வேண்டும்.

போன ஞாயிறு நீ அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. "அண்ணா, ரீச்சருக்கு வாய் காட்டுற பிள்ளையை நான் பெறேல்ல. வாற சனிக்கிழமை எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னால ரொஷேல் மன்னிப்புக் கேக்க வேணும். கேக்காட்டி நான் ரிக்கற் போட்டு அவளை இஞ்ச எடுத்திடுவன். சோதினையும் வேணாம் ஒண்டும் வேணாம்." இதைக் கேட்டதும் உன் மகள் அழவில்லை. "அம்மா சொன்னாச் செய்வா, மாமா," என்று மட்டும் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தமிழில் சாதாரண தரம் எழுத வேண்டும் என்று தானே அடம்பிடித்து இங்கே வந்த பிள்ளை. பரீட்சைக்குக் கொஞ்ச மாதம் இருக்கும்போது அவளைத் தூக்கிக்கொண்டு போனால் அது, நங்கூரம் போட வந்த கப்பலைத் துறைமுக வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவது போல. உன் கட்டளை நேற்று நிறைவேறியது. எப்படி நிறைவேறியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். கடைசிச் சொல் வரை வாசி. அதுவரை ரிக்கற் பக்கம் கை வைக்காதே.

முதலில் உன் அண்ணியார் பேர்ணடெற் அவர்களின் மகிமையைச் சொல்ல வேண்டும். நீ அவரைக் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் மட்டும் கண்டவள். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் அவர் ரீச்சராக நின்று நடத்தும் தமிழ் வகுப்பில் கண்டதில்லை. நான் வாழ்நாள் முழுக்கத் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவன். மலை அளவு கப்பல்களைக் கண்டிருக்கிறேன். ஒரு கப்பல் திரும்பியபோது அதன் நிழல் விழுந்து, அந்தி பட்டுவிட்டது என்று எண்ணிக் கொட்டாஞ்சேனைக் கோழிகள் எல்லாம் கூட்டுக்குள் போனதை இந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அண்ணியார் தன் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றும்போது வரும் 'டிக்' என்ற சத்தத்துக்கு நான் ஒடுங்கியது போல எந்தக் கப்பலின் சங்குக்கும் ஒடுங்கியதில்லை. கல்யாணக் கார்ட் வந்தால் முதலில் திருத்துவார், பிறகுதான் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பார். ஒருமுறை ஒரு மரண அறிவித்தலைத் திருத்தி வீட்டுக்காரருக்கே திருப்பி அனுப்பினார். செத்தவர் எழும்பி வந்து நன்றி சொல்லாததுதான் குறை. கல்யாணத்துக்கு முன் நான் அவருக்கு எழுதிய காதல் கடிதத்துக்குப் பதிலாக அதே கடிதம் திரும்பி வந்தது, அடியில் சிவப்பில்: "கற்பனை நன்று. ஒற்றுப்பிழை அதிகம். மீண்டும் முயல்க." நான் மீண்டும் முயன்றேன். அதன் விளைவாகவே இன்று இந்தப் பல்கனியில் இருக்கிறேன்.

பல்கனி என்றேன் அல்லவா, அதை அண்ணியார் பல்கனி என்று சொல்லமாட்டார். 'மாடம்' என்பார். எங்கள் ஹோல்தான் வகுப்பறை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மாடம். வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கட்டுரையிலோ கதையிலோ சிங்களச் சொல்லையோ இங்கிலீஷ் சொல்லையோ கலந்தால், கை கதவைக் காட்டும். "மாடத்துக்குப் போ!" அவ்வளவுதான், அந்தப் பிள்ளை நாடு கடத்தப்பட்டது. அண்ணியாருக்கு எந்த மொழியிலும் பகை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மீன்காரரோடு அவர் சிங்களம் பேசினால் மீன்காரர் தன் சிங்களத்தைப் பற்றி வெட்கப்படுவார். அவருடைய சட்டம் வேறு: "சிங்களம் கதைச்சா முழுச் சிங்களம் கதை. தமிழ் கதைச்சா முழுத் தமிழ் கதை. ரெண்டையும் வெட்டி ஒரு சட்டியில போடாதை." 'ரீச்சர்' என்ற சொல்லுக்கு மட்டும் பொதுமன்னிப்பு உண்டு. அதையும் தடை செய்தால் தண்ணீர் விடாய்த்த பிள்ளை கூப்பிட ஒரு சொல் இருக்காது. எனக்கோ வாயைத் திறந்தால் தம்பிக்கு மல்லி, அண்ணனுக்கு அய்யே, பிறகு பஸ், ரிக்கற் என்றுதான் வரும். ஆகவே நான் மாடத்தின் நிரந்தரக் குடிமகன். உடுப்புக் காயும் கொடிக்குக் கீழே எனக்கென்று ஒரு கதிரை. சனிக்கிழமைகளில் அகதிகள் வந்து சேருவார்கள். நான் மாடத்தின் தூதுவர் போல எழுந்து வரவேற்பேன்.

இந்த மாடத்துக்கு ஆகக் கூடுதலாக ஆள் அனுப்பிய சொல் எது தெரியுமா? சல்லி. கொழும்புப் பிள்ளைக்குச் 'சல்லி' என்று சொல்லாமல் ஒரு பகல் கழியுமா? "ரீச்சர், அம்மா சல்லி தந்துவிட்டவ" என்பான், மாடம். "பஸ்ஸுக்குச் சல்லி இல்லை" என்பாள், ஒரே வரியில் இரண்டு குற்றம், மாடம். "அது சிங்களச் சொல். பணம் எண்டு சொல்லு, காசு எண்டு சொல்லு," என்று அண்ணியார் தலைமுறை தலைமுறையாகப் படிப்பித்தார். சல்லியால் மாடம் ஏறியவர்களில் ஒருவர் இன்று டொக்டர். ஒருவர் புதுக்கடை நீதிமன்றத்தில் பெரிய லோயர். கறுப்புக் கோட்டோடு நிற்கும்போதும் சல்லி என்ற சொல் வாயில் வந்தால் தன்னை அறியாமல் கதவைத் திரும்பிப் பார்ப்பாராம்.

உன் மகள் தோஹாவிலிருந்து வந்த புதிதில் நிலைமை எப்படி இருந்தது என்று உனக்கு நான் எழுதவில்லை. நீ கவலைப்படுவாய் என்று. 'நேற்று நல்ல மலை பெய்தது' என்று எழுதிய பிள்ளை அது. முதல் வகுப்பிலேயே "மாடத்துக்குப் போ" என்ற தீர்ப்பைக் கேட்டுவிட்டு, எழுந்து நின்று மிகவும் மரியாதையாக, "எந்த மேடம், ரீச்சர்?" என்று கேட்டது. வகுப்பு சிரித்த சிரிப்பில் கீழ்மாடி வீட்டுக்காரர் நிலநடுக்கம் என்று படியால் இறங்கி ஓடினார். அதன் பிறகு அவள் கிழமை தவறாமல் என்னோடு மாடத்தில் நிற்பாள். கண்ணாடியில் காதை வைத்து உள்ளே நடக்கும் பாடத்தைக் கேட்பாள். மற்றப் பிள்ளைகள் மாடத்தில் காற்று வாங்கும். இது பாடம் வாங்கியது. அண்ணியார் வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கண்ணாடி வழியாகக் கசிந்து அவள் தலைக்குள் இறங்கி, பூட்டிச் சாவியும் போட்டாயிற்று என்று அப்போது யாருக்குத் தெரியும்? பிறகு பிறகு அவள் மாடத்துக்கு வருவது குறைந்தது. கடைசியில் நின்றேபோயிற்று. எனக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

இனி, அவள் வாய் காட்டிய அந்தச் சனிக்கிழமை. அதற்கு முந்தின கிழமைதான் அண்ணியார் முல்லை நிலத்து ஏறுதழுவுதல் பற்றிப் படிப்பித்தார். நான் வெளியிலிருந்து கேட்டேன். காளை பாய்கிறது என்று அவர் சொன்னபோது நான் கதிரையை இறுக்கிப் பிடித்தேன். "இதைத்தான் பின்னாளில சல்லிக்கட்டு எண்டவை. ஏன் அப்பிடிப் பேர்? காளையின்ர கொம்பில சல்லிக்காசு முடிச்சைக் கட்டி விடுவினம். அடக்கிறவன் அதை அவிழ்த்து எடுப்பான்," என்று சொன்னார். நன்றாகக் கவனி யூஜி, சொன்னவர் அவரேதான்.

அடுத்த கிழமை, 'கடற்கரையில் ஒரு மாலை' என்ற கட்டுரையைத் திருத்திக் கொடுக்கிறார். மெல்ரோய் என்ற பொடியன், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத சாது, 'கச்சான் கடலை விற்பவரிடம் சல்லி கொடுத்தேன்' என்று எழுதியிருந்தான். 'டிக்'. மூடி கழன்றது. சிவப்புக் கோடு விழுந்தது. "மெல்ரோய்! சல்லி எந்த மொழி?" "சிங்களம், ரீச்சர்." "மாடத்துக்குப் போ." மெல்ரோய் கதவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தான். "வாங்கோ தம்பி, இருங்கோ," என்று நான் உபசரிக்கவும், உள்ளே ஒரு கதிரை பின்னால் இழுபட்ட சத்தம் கேட்டது. உன் மகள் எழுந்து நிற்கிறாள்.

"ரீச்சர், சல்லி தமிழ்ச் சொல்தானே?"

யூஜினா, நான் பொய் சொல்பவன் அல்ல, கொஞ்சம் பெருப்பித்துச் சொல்பவன் மட்டுமே. அந்தக் கணத்தில் பம்பலப்பிட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த கரையோர ரயில் தண்டவாளத்திலேயே நின்று, என்னவோ நடந்துவிட்டது என்று காது கொடுத்தது. அன்ரனாவில் இருந்த காகம் 'கா' என்று தொடங்கி அடுத்த 'கா'வை விழுங்கியது. காலி வீதியில் ஒரு பஸ்கூட ஹோர்ன் அடிக்கவில்லை. அது நடந்ததே இல்லை என்று உனக்குத் தெரியும். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் சிங்கம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் அண்ணியாரிடம் "அது பிழை" என்று சொன்னதில்லை. கறிக்கு உப்புக் கூடினால்கூட "கடற்கரைப் பக்கம் தானே" என்று சொல்லிச் சாப்பிட்டவன் நான். பதினைந்து வயதுப் பிள்ளை, நேற்று மழையை மலை என்று எழுதிய பிள்ளை, நேரே நின்று கேட்கிறாள்.

அண்ணியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன சொன்னனீர்?"

"போன கிழமை நீங்கதான் சொன்னீங்க, ரீச்சர். சல்லிக்கட்டு. கொம்பில கட்டினது சல்லிக்காசு. அப்ப அந்தக் காளைக்குச் சிங்களமும் தெரியுமா?"

பார்த்தாயா? அம்பு தைத்தது பெரிய விஷயமில்லை. அம்பறாத்தூணி யாருடையது என்பதுதான் விஷயம். கடைசி வரி கொஞ்சம் கூடிப்போயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறும்பு உன் பக்கத்து இரத்தம், என் பக்கம் அல்ல. முன் வரிசையில் இருந்த பஸ்லா என்ற பிள்ளை சிரிப்பை அடக்க முழு அழிறப்பரையும் வாயில் போட்டுக் கடித்தது. அண்ணியாரின் முகம் அவருடைய பேனை நிறத்துக்கு வந்தது. "வாயாடிக்கும் இடமிருக்கு. மாடத்துக்குப் போம்," என்றார். அவள் போனாள். ஒரு சொல்லும் கலக்காமல் சுத்தத் தமிழ் பேசி மாடம் ஏறிய முதல் பிள்ளை உன் மகள்தான். நான் எழுந்து என் கதிரையைக் கொடுத்தேன்.

அதன் பிறகு என்ன நடந்தது என்பது உனக்கே தெரியும்: மெல்ரோயின் தாய் போன் எடுத்தா, வெள்ளவத்தையிலிருந்து செய்தி தோஹாவுக்கு ஒளியைவிட வேகமாகப் பறந்தது, நீ குரல் பதிவு அனுப்பினாய். கோவில் வாசலில் அந்தத் தாய் என்னைப் பிடித்து, "என்ன இருந்தாலும் படிப்பிக்கிறவைக்குப் பிள்ளையள் பிழை சொல்லலாமே, அண்ணை? எங்கட காலத்தில வாத்தியார் சூரியன் மேற்கில உதிக்குது எண்டா நாங்க மேற்கைப் பாத்துத்தானே கும்பிட்டம்," என்று கேட்டா. அது உண்மைதான். எங்கள் வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து சூரியனே இரண்டொரு நாள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கும். ஆனால் பஸ்லாவின் வாப்பா மர்ஸூக் நானா, சந்தியில் துணிக்கடை வைத்திருப்பவர், வேறு மாதிரிச் சொன்னார். "கிளறன்ஸ் அய்யே, கடையில நிக்கிற பொடியன் 'நானா, அளவு பிழை'ண்டு கஸ்டமருக்கு முன்னுக்குச் செல்லக்குள்ள எனக்குத் தலை சுடும்தான். செல்லாட்டி வந்த கஸ்டமர் அடுத்த பெருநாளைக்கு வரமாட்டாரே!" இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு எப்போதுமே கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் நியாயம்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் பாசமும் இருந்தது, சாப்பாடும் இருந்தது, பேச்சுத்தான் இல்லை. உள்ளதெல்லாம் என் வழியாகப் போனது. "அவளை முட்டை சாப்பிடச் சொல்லுங்கோ." "சாப்பிட்டுட்டன் எண்டு மாமிட்ட சொல்லுங்க மாமா." இரண்டு பேருக்கும் நடுவில் மேசை ஒரு முழ அகலம், நான் ஐக்கிய நாடுகள் சபை மாதிரி இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது ஓர் இரகசியம் சொல்கிறேன். எங்கள் அலுமாரிக்கு மேல் ஒரு பெரிய தமிழ் அகராதி இருக்கிறது, தலையணை அளவு. அண்ணியாருக்கு அது தேவைப்படாததால் அதன் மேல் மாதா சுருவத்தை, அந்தச் சின்னச் சிலையை, வைத்திருக்கிறோம். மாதா எப்போதும் ஹோலைப் பார்த்துக் கைகூப்பி நிற்பா. புதன்கிழமை விடிய நான் தேத்தண்ணிக்கு எழுந்து வந்தபோது மாதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா. அகராதியின் மேல் பல வருசத் தூசியைக் காணவில்லை. நான் மாதாவைத் திருப்பி வைக்கவில்லை. பார்த்துத் தேவையான நேரம் அவவே திரும்புவா என்று விட்டுவிட்டேன். வியாழன் காலை திரும்பியிருந்தா.

நேற்றுச் சனிக்கிழமை. பிள்ளைகள் எல்லாம் நேரத்துக்கு முதலே வந்துவிட்டார்கள். இப்படி ஒரு வருகையைப் பரீட்சை நாளிலும் கண்டதில்லை. நான் மாடத்துக் கதவை விரல் அளவு திறந்து வைத்தேன், காற்றுக்காக. அண்ணியார் கதிரையில் இருந்தார். ரொஷேல் எழுந்தாள். கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு நேரே நின்றாள், யூஜி, நான் கண்டேன்.

"ரீச்சர், போன கிழமை உங்களை நக்கலடிச்சு ஒரு கதை சொன்னனான், காளைக்குச் சிங்களம் தெரியுமா எண்டு. அது பிழை. அம்மாவும் கேக்கச் சொன்னவ, நானும் கேக்கிறன். மன்னிச்சுக்கொள்ளுங்க."

"ம்," என்றார் அண்ணியார்.

அத்தோடு அவள் கதிரையில் இருந்திருக்கலாம். உன் கட்டளை நிறைவேறியாயிற்று, ரிக்கற் மிச்சம், சோதினை எழுதலாம், எல்லாம் சுபம். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று "இரு பிள்ளை, இரு" என்று வாயசைக்கிறேன். மெல்ரோய் கண்ணை மூடிக்கொண்டான். அவள் இருக்கவில்லை.

"ஆனா சல்லி தமிழ்தான், ரீச்சர். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டன். கேட்டா, நீங்க படிப்பிச்சது பிழை எண்டு நானே சொன்ன மாதிரி. நீங்க படிப்பிச்சது சரி. நீங்க சிவப்பால கீறினதுதான் பிழை. அம்மா என்னைத் தோஹாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் அது தமிழ்தான்."

இந்த முறை ரயில் நின்றதா, காகம் நின்றதா என்று எனக்குத் தெரியாது. நான் நின்றிருந்தேனா என்பதே எனக்கு நிச்சயமில்லை. இதை மட்டும் பெருப்பிக்காமல் எழுதுகிறேன். அண்ணியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிறகு, "மெல்ரோய், கொப்பியைக் கொண்டு வாரும்," என்றார். மெல்ரோய் கொண்டுபோனான். 'டிக்'. தான் போட்ட சிவப்புக் கோட்டின் மேல் குறுக்காக இன்னொரு சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 'சரி' என்று எழுதித் தன் கையொப்பமும் வைத்தார். பேனையை மூடினார். வகுப்பைப் பார்த்து, "இந்த வகுப்பில சொல்லுப் பிழைச்சா என்ன தண்டனை?" என்று கேட்டார்.

பஸ்லாதான் மெல்லிய குரலில், "பல்கனி, ரீச்சர்," என்றாள்.

"பல்கனி இல்லை. மாடம்."

சொல்லிவிட்டு எழுந்தார். தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டார். வெள்ளவத்தை கண்டிராத, யாழ்ப்பாணம் கேட்டிராத, தமிழ் தோன்றிய காலத்திலிருந்து எந்தப் புலவருக்கும் நேராத காட்சி அது: ஆசிரியை கதவைத் திறந்துகொண்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சாரத்தை ஒதுக்கி, மாடத்துக்குள் வந்தார்! என் கையிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது; கீழ்மாடிக்கே விழுந்துவிட்டது. வரவேற்புரை மறந்துபோயிற்று. அவர் கதிரையைப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். எதிரே இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவில், ஒரு அடிமட்ட அளவுகோலை நிறுத்தி வைத்த அளவுக்கு ஒரு துண்டுக் கடல் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில இருந்தா கடல் தெரியுமே? ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீர் கேக்கேல்ல."

"எத்தினை பிள்ளையளை இந்தச் சொல்லுக்காக இஞ்ச அனுப்பியிருப்பன், கிளறன்ஸ்?"

அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எப்போதாவதுதான். "எல்லாரும் கடற்காத்து வாங்கிக்கொண்டு போனவங்கள். ஒருத்தனுக்கும் நட்டமில்லை," என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் முகத்தில் ஒரு ஒற்றுப்பிழை அளவுக்கு ஏதோ அசைந்தது. உள்ளே பாடம் நின்றுபோயிருந்தது. அண்ணியார் தலையை மட்டும் திருப்பி, "ரொஷேல்! பாடத்தை நிப்பாட்டாதையும். மிச்சக் கட்டுரையளை வாசியும்!" என்றார். உன் மகள் முன்னால் போனாள், சிவப்புப் பேனையை எடுத்தாள். அடுத்த நிமிசம் அவளுடைய குரல், அண்ணியாரின் குரலே சின்னதாக ஆனது போல: "மெல்ரோய், இதில 'ஐஸ்கிறீம் வாங்கினேன்' எண்டு எழுதியிருக்கிறாய். மாடத்துக்குப் போ!" பாவம் அந்தப் பொடியன், கதவைத் திறந்து பார்த்தால் மாடத்தில் ரீச்சர்! உள்ளேயும் போகமுடியாமல் வெளியேயும் வரமுடியாமல் கதவு நிலையிலேயே சுருவமாக நின்றான். அண்ணியார் தன் கதிரையை அரை அடி நகர்த்தி, "வாரும், இதில நிண்டாக் கடல் தெரியும்," என்று அவனுக்கு இடம் கொடுத்தார்.

வகுப்பு முடியும் வரை அவர் அங்கேயே இருந்தார். தண்டனையில் ஒரு நொடி குறைக்கவில்லை.

ஆகவே யூஜினா, பிள்ளைகள் ரீச்சருக்குப் பிழை சொல்லலாமா என்று நீ கேட்டால், உன் அண்ணனால் கண்டதைத்தான் சொல்ல முடியும். நக்கலுக்கு மன்னிப்புக் கேட்டு, சொல்லுக்குக் கேட்கமாட்டேன் என்று நேரே நின்ற ஒரு பிள்ளையைக் கண்டேன். பிழையைக் கேட்டுத் தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போன ஒரு ரீச்சரையும் கண்டேன். உலகத்தில் பெரிய கப்பல்களை வரவேற்றவன் நான். இந்த இரண்டுக்கும் நிகரான ஒன்றுக்கு நான் கயிறு பிடித்ததில்லை. நீ பெற்ற பிள்ளை, நீயே கண்டு பயப்படும் அளவுக்கு ஆளாகிவிட்டாள். அவளை எடுக்காதே. இங்கேயே சோதினை எழுதட்டும். நேற்றுப் பின்னேரம் இரண்டு பேரும் நேரே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்; எனக்குத் தூதுவர் வேலை போய்விட்டது.

மச்சான் றெஜிக்கு என் அன்பு. பாலைவன வெயிலில் தொப்பி போடச் சொல். உங்கள் இருவரின் தலைக்கு மேலும் மாதாவின் கை இருக்கட்டும், சுவர்ப் பக்கம் திரும்பாமல்.

இப்படிக்கு,
துறைமுகத்திலிருந்து ஓய்வும் மாடத்தில் நிரந்தர நியமனமும் பெற்ற,
உன் பாசமுள்ள அண்ணன்,
கிளறன்ஸ்.

பி.கு.: கடிதத்தை முடித்துப் படம் பிடிக்க எடுக்கும்போது அண்ணியார் தேத்தண்ணியோடு வந்தார். "யூஜினாவுக்குத்தானே எழுதுறீங்க? இதையும் எழுதுங்கோ. சல்லி தமிழ் எண்டு எனக்கு முதலே தெரியும். எந்தப் பிள்ளை பிடிக்குது எண்டு பாக்கத்தான் வேணுமெண்டு கீறினனான். இவ்வளவு காலத்தில இவள் ஒருத்திதான் பிடிச்சவள்," என்றார். எனக்குச் சுவரைப் பார்த்து நின்ற மாதா ஞாபகத்தில் வந்தா. வாயைத் திறந்தேன். "ஓம், பேர்ணடெற்," என்ற சொற்கள்தான் வந்தன. ஆனால் பின்னால் உன் மகள் நின்றிருக்கிறாள். நான் கண்ணைக் காட்டினேன், காலால் தட்டினேன், இருமினேன். "இல்ல மாமி," என்றாள், "புதன்கிழமைதான் அகராதியில பாத்தீங்க. மாதாவைத் திருப்பி வைக்க மறந்திட்டீங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது உன் மகளும் நானும், இரண்டு பேரும் மாடத்தில். கண்ணாடிக் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது, கோழிக்கறி வாசம் மட்டும் வருகிறது. ஆகவே பிழை சொல்வது பற்றி மேலே நான் எழுதிய எல்லாவற்றையும் எழுதவில்லை என்று வைத்துக்கொள். ரிக்கற் போடுவதானால் எனக்குப் போடு. உன் மகள் வரமாட்டாளாம். மாமியிடம் திருத்த இன்னும் நிறைய இருக்கிறதாம்.